வைர வாடிக்கையாளர் ஸ்ரனிஸ்லஸ்

நீலக்கரை வாழ்வாதார நிறுவனம் தன்னுடைய பழைய கணினிக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பிய விழாவுக்கு முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டென்று சொல்லித்தான் ஏற்றினார்கள். கிளிநொச்சியில் பெருவீதியோரம் கண்ணாடியால் கட்டிய தலைமை அலுவலகத்தில் பழைய கணினிக்கு ஐயர் சந்தனம் வைத்தார். புதிய கணினிக்குப் பாதர் தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் உள்ளே போய்விடும் என்று பயந்த ஓர் உத்தியோகத்தர் கணினிக்குக் குடை பிடித்தார். வெளியே கொளுத்தும் வெயிலில் வந்திறங்கிய பாதருக்கு ஒருவரும் குடை பிடித்திருக்கவில்லை.

பின்வரிசைக் கதிரையொன்றில் ஸ்ரெல்லா இருந்தாள். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. புருசன் ஸ்ரனிஸ்லஸின் படகை அவருடைய தம்பி பேதுரு கடலுக்குக் கொண்டுபோவான். ஐஸ் வாங்குவதும் மீன் விற்பதும் ஸ்ரெல்லாவின் பாடு. ஸ்ரனிஸ்லஸ் சண்டை முடிந்த நாட்களில் காணாமல் போனவர்.

நிறுவனத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சண்டைக்குப் பிறகு வந்து முதலில் வலை கொடுத்தார்கள். பிறகு வலை பின்னுவது எப்படி என்று, பிறந்ததிலிருந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வருசங்கள் இப்படிப் போய், கடைசியில் அவர்களிடம் மிஞ்சிய ஒரே உபயோகமான பொருள் கரையிலிருந்த ஐஸ் கொட்டில். மற்றதெல்லாம் அறிக்கை.

பணிப்பாளர் மயில்வாகனம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். "அன்பானவர்களே, நேற்றுவரை நீங்கள் பயனாளிகள். இன்று முதல் வாடிக்கையாளர்கள். பயனாளிக்கு நாங்கள் கொடுத்தோம். வாடிக்கையாளரிடம் நாங்கள் வாங்குவோம். கண்ணியம் என்பது இதுதான்." முன்வரிசை கைதட்டியது. "எங்களிடம் மூன்று விதமான தரவு மூன்று இடத்தில் கிடந்தது. ஐஸ் கொட்டிலில் ஒன்று, தலைமை அலுவலகத்தில் ஒன்று, சண்டை முடிந்த காலத்தில் முகாம்களில் எடுத்தது ஒன்று. மூன்றையும் ஒன்றாக்கி 'உறவுப் பாலம்' என்ற இந்தப் புதிய கணினித் தொகுதிக்குள் கொண்டுவந்துவிட்டோம். இனி உங்களில் ஒவ்வொருவரையும் எங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களை நேரில் பார்க்க வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை."

இதற்கும் கைதட்டினார்கள். சாப்பாட்டுப் பார்சலுக்குள் மீன்பொரியல் இருந்தது. கரையிலிருந்து போனவர்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள்.

அந்தக் கிழமையே ஸ்ரெல்லாவின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

'அன்பின் ஸ்ரனிஸ்லஸ் அவர்களே, இன்று காலை எங்களிடம் ஐஸ் வாங்கியமைக்கு நன்றி. நீங்கள் எங்கள் வைர வாடிக்கையாளராகத் தெரிவாகியுள்ளீர்கள்.'

சண்டை முடிந்து, ஆமியின் பக்கம் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த அன்றைக்குப் பெயர் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஸ்ரனிஸ்லஸ் பெயர் பதியப் போய் ஒரு பஸ்ஸில் ஏறினார். பஸ் போனது. அதன்பிறகு ஸ்ரெல்லா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. வந்த ஆணைக்குழு எல்லாவற்றுக்கும் போனாள். எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். கடைசியாக எங்கே கண்டீர்கள், யாருடன் நின்றார், என்ன நிறச் சேட் போட்டிருந்தார், சாட்சி இருக்கிறதா. நாலு படம் கொண்டுவரச் சொன்னார்கள். ஏதும் தெரிந்தால் அறிவிப்போம் என்றார்கள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, மரணச் சான்றிதழ் எடுக்கலாமே என்றார்கள். ஸ்ரெல்லா எடுக்கவில்லை. "ஆளைத் தாங்கோ, இல்லாட்டி ஆளுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் இல்லாமத் தாளைத் தந்தா நான் அதை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவாள்.

குறுஞ்செய்தியை வாசித்தபோது ஒரு கணம், ஒரேயொரு கணம், அவள் நம்பிவிட்டாள். அந்த ஒரு கணத்துக்காக நீலக்கரை நிறுவனத்தை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

செருப்பும் போடாமல் ஐஸ் கொட்டிலுக்கு ஓடினாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பிரேமினி, உள்ளூர்ப் பிள்ளை, கையிலிருந்த டப் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"ஸ்ரெல்லாக்கா, காலமை உங்கட நம்பரைச் சொல்லிப் பேதுரு அண்ணைதான் ஐஸ் எடுத்தவர். இதில அடிக்க ஸ்ரனிஸ்லஸ் அண்ணையின்ர பேர் வருது. நீங்கள் இதில இல்லை. உங்கட ஒழுங்கையில ஒருத்தருமே இதில இல்லை."

"அப்ப நாங்கள் எங்க?"

"எல்லாரும் அவருக்குள்ள இருக்கிறியள் அக்கா."

அது இப்படித்தான் நடந்தது. ஸ்ரெல்லாவின் வீடு இருக்கும் சிறு தெருவான மாதா கோயில் ஒழுங்கையில் கடலுக்குப் போகிறவர்களின் தொலைபேசி ஒரு பருவத்துக்கு மேல் தங்காது. ஒன்றில் கடலில் விழும், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். புதுத் தொலைபேசி, புது நம்பர். ஆகவே எந்த நிறுவனம் வந்து நம்பர் கேட்டாலும் ஒழுங்கை முழுவதும் ஸ்ரெல்லாவின் நம்பரைக் கொடுத்துவிடும். அவள் கரையில் நிற்பவள், அடித்தால் எடுப்பாள், சிங்களத்திலும் நாலு கதை கதைப்பாள். கூட்டம் என்றால் போய்ச் சொல்லுவாள். ஒழுங்கைத் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் வீரையா, மலையகத்திலிருந்து வந்து குடியேறி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி நெடுங்கேணிக்கு மீன் கொண்டுபோய் விற்பவர், அவரும் அதே நம்பரைத்தான் கொடுத்திருந்தார். இத்தனை வருசம் இதனால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

இப்போது வந்தது. புதிய விதிப்படி வாடிக்கையாளர் ஒருவருக்கு நாளுக்கு இரண்டு ஐஸ் கட்டி. ஒழுங்கை முழுவதும் ஒரே வாடிக்கையாளர். அதிகாலையில் முதல் வருகிற படகு இரண்டையும் எடுத்துக்கொண்டு போகும். மற்றப் படகுகளின் சூடை மீனும் பாரை மீனும் வெயில் ஏற ஏறக் கண் சிவந்து கிடக்கும். பத்து மணிக்குக் கொழும்பு லொறிக்காரன் வந்து மூக்கைச் சுளித்து, தான் நினைத்த விலையைச் சொல்லுவான். அவனும் எடுக்காததைக் காகம் எடுத்தது.

ஸ்ரெல்லா கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள். தலைமை அலுவலக வாசலில் ஒரு இயந்திரம் நின்றது. நம்பரை அடித்தால்தான் உள்ளே விடும். அடித்தாள். 'ஸ்ரனிஸ்லஸ் அவர்களே, வருக' என்று துண்டு வந்தது. உடனே ஒரு பிள்ளை ஓடிவந்து மெத்தைக் கதிரையில் இருத்தி, நெஸ்கபே கொண்டுவந்து வைத்தது. வைர வாடிக்கையாளருக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

"நான் ஸ்ரனிஸ்லஸ் இல்லைப் பிள்ளை. அவரின்ர மனுசி."

பிள்ளை டப்பைப் பார்த்தது. ஸ்ரெல்லா என்று ஒருவர் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளை பிளாஸ்ரிக் கதிரைக்கு மாற்றியது. நெஸ்கபேயும் திரும்பிப் போனது.

மத்தியானத்துக்குப் பிறகு தரவு முகாமையாளர் கிருபன் கூப்பிட்டான். கழுத்தில் அட்டை தொங்கும் மெல்லிய பெடியன். கெட்டவன் இல்லை. படித்த பாடத்தை ஒப்பிப்பவன், அவ்வளவுதான்.

"அக்கா, ஒரே நம்பர் எண்டா ஒரே ஆள். இது உலகம் முழுக்க உள்ள விதி."

"எங்கட ஒழுங்கையில அப்பிடி இல்லைத் தம்பி. சரி, அத்தனை பேருக்க இவரை எப்பிடித் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

கிருபனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை போலும். "ஆரின்ர பதிவு கூடுதலா நிரம்பியிருக்கோ அவர்தான் மூல ஆள். மற்றவை எல்லாம் பிரதி. ஸ்ரனிஸ்லஸ் சேரின்ர பதிவைப் பாருங்கோ. ஒரு கட்டம் வெறுமையா இல்லை. உயரம், இடது முழங்கையில தழும்பு, பல்லு, சேட்டின்ர நிறம், எங்க நிண்டவர், ஆரோட நிண்டவர் எல்லாம் இருக்கு. முகாமில எடுத்த தரவில இருந்து வந்தது. இவரைத்தான் பயிற்சி வகுப்பில முன்மாதிரி வாடிக்கையாளராக் காட்டுறனாங்கள். உங்கட பழைய பதிவில என்ன இருந்தது? பேரும் நம்பரும். அவ்வளவுதான்."

இருக்கிற ஆட்களைப் பற்றி யார் இவ்வளவு எழுதினார்கள்? ஸ்ரெல்லாவின் சட்டை நிறத்தையோ தழும்பையோ ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றையும் நிரப்பியது அவள்தான், முகாமின் முள்ளுக்கம்பிக்குள் வரிசையில் நின்று, ஒவ்வொரு மேசைக்கும் திரும்பத் திரும்ப.

"அவர் காணாமப் போனவர் தம்பி."

"அதுக்கு எங்கட தொகுதியில கட்டம் இல்லை அக்கா. நிலை எண்ட இடத்தில ரெண்டுதான். செயலில் உள்ளவர், செயலில் இல்லாதவர். இவர் இண்டைக்குக் காலமையும் ஐஸ் வாங்கியிருக்கிறார்." பிறகு யோசித்துவிட்டுச் சொன்னான், "முறைப்பாடெண்டா அவரையே ஒருக்கா நேரில வரச்சொல்லுங்கோ. அடையாள அட்டையோட."

ஸ்ரெல்லாவுக்கு வாயில் வந்த சொல்லை இங்கே எழுத முடியாது. அவள் அதைச் சொல்லவும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிரேமினி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். பகலில் டப்பில் ஒவ்வொருவரையும் புதிதாகப் பதிவாள். இரவில் கொட்டிலின் தரவும் கிளிநொச்சித் தரவும் ஒத்திசையும். ஒத்திசைவு என்றால், விடியப் பார்க்கும்போது பிரேமினி செய்த வேலை இருக்காது என்று அர்த்தம். பேதுருவும் மற்றவர்களும் புதுச் சிம் வாங்கிக் கொடுத்தார்கள். உறவுப் பாலம் அத்தனை நம்பரையும் ஸ்ரனிஸ்லஸுக்கே எழுதிவிட்டு, 'உங்கள் தொடர்பு வட்டம் விரிவடைந்துள்ளது' என்று வாழ்த்து அனுப்பியது. கிழமையில் பாதி நாள் அவருக்குப் பிறந்தநாள் வந்தது. அவர் ஆணாகவும் பெண்ணாகவும் இருந்தார். பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடமே வைக்கிற அளவுக்கு இருந்தார்கள். வீரையாவின் புண்ணியத்தில் மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கம், சைவம் என்று இரண்டும் இருந்தன. கொழும்புக்குப் போன காலாண்டு அறிக்கையில் மயில்வாகனம் இதை நல்லிணக்கம் என்ற தலைப்பில் போட்டு, படமும் வைத்தார். படத்தில் இருந்தது கணினி.

மீன் நாறத் தொடங்கி ஒழுங்கையே நாறியபிறகு, 'வாடிக்கையாளர் குரல்' என்று பதாகை கட்டி, கரையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மயில்வாகனம் கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு சந்தோசமான செய்தியோடு வந்திருக்கிறேன். புதிய தொகுதி வந்தபிறகு இந்தக் கரையில் முறைப்பாடுகள் பெருமளவு குறைந்துள்ளன. முன்பு ஒழுங்கை முழுவதும் முறையிட்டது. இப்போது ஒரேயொரு வாடிக்கையாளர்தான் முறையிடுகிறார். அவரும் வைர வாடிக்கையாளர் என்பதால், அவர் எங்களில் உரிமையெடுத்துக் கோபிக்கிறார் என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்."

பேதுரு ஒரு பெட்டி சூடையைத் தூக்கி வந்து அவருக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தான். மயில்வாகனம் இரண்டடி பின்னால் போனார்.

"விளங்குது தம்பி, விளங்குது. வழி இல்லாமல் இல்லை. மூலப் பதிவை மூடினால் பிரதிகள் தானாகப் பிரிந்து தனித்தனி ஆளாகிவிடும். கிருபன், அப்பிடித்தானே? மூடுறதெண்டா உரிய ஆள் வரவேணும். இல்லாட்டி நெருங்கின உறவு." அவர் ஸ்ரெல்லாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். அந்த இறக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். "அம்மா, ஒரு மரணச் சான்றிதழ் எடுத்துத் தந்தீங்களெண்டா அலுவல் முடிஞ்சுது. இப்ப அது லேசு. எத்தனை வருசமாச்சு, நீங்களும் மனசைத் தேற்றிக்கொள்ள வேணும்தானே. உங்களால இவ்வளவு சனமும் கஷ்டப்படுது பாருங்கோ."

கூட்டம் ஸ்ரெல்லாவைப் பார்த்தது. பிறகு கடலைப் பார்த்தது. ஐஸை நிறுத்தியது அவர்கள், ஒழுங்கையை ஒரு ஆளாக்கியது அவர்கள், இப்போது சனத்தின் கஷ்டத்துக்குக் காரணம் அவளாம். பதினாறு வருசம் பெரிய பெரிய கந்தோர்களுக்கெல்லாம் மாட்டேன் என்று சொன்னதை, இரண்டு கட்டி ஐஸுக்காக இந்த மனுசனிடம் ஓம் என்று சொல்ல வேண்டுமாம்.

கூட்டம் முடிந்து போகும்போது பேதுரு அவளோடு கூட நடந்தான்.

"மச்சாள், நான் ஒண்டும் கேக்கேல்லை."

"நீ கேக்கமாட்டாய் எண்டு தெரியும்."

"வீரையா அண்ணை நாளைக்கு மேசன் வேலைக்குப் போறாராம். நெடுங்கேணிக்கு ஐஸ் இல்லாம மீன் கொண்டுபோக ஏலாதாம்." காலில் தட்டுப்பட்ட வலைத்துண்டைத் தூக்கி ஓரமாகப் போட்டான். "எனக்கும் அவர் அண்ணன்தான் மச்சாள். அந்தத் தாளை எடுக்கிறதைவிட நான் கடலை விட்டிட்டு உங்களோட பட்டினி கிடப்பன்."

அவன் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

அடுத்தநாள் காலை ஸ்ரெல்லா ஐஸ் கொட்டிலுக்குப் போய், பதிவை மூடுகிற இடத்தை எடுக்கச் சொன்னாள். பிரேமினி அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எடுத்தாள். கணக்கை மூடுவதற்கான காரணம் என்று மூன்று இருந்தன.

"முதலாவது, மரணம். அதுக்குச் சான்றிதழ் கேக்குது அக்கா."

"அடுத்தது?"

"இடம்பெயர்ந்துவிட்டார். அதுக்குப் புது விலாசம் கேக்குது."

"புது விலாசம் தெரிஞ்சா நான் ஏன் பிள்ளை இஞ்ச நிக்கிறன். மூண்டாவது?"

"சேவையில் திருப்தியில்லை." பிரேமினி திரையைத் தள்ளிப் பார்த்தாள். "இதுக்கு ஒண்டும் கேக்கேல்லை."

ஸ்ரெல்லா யன்னலுக்குள்ளால் கையை நீட்டித் தானே அதை அழுத்தினாள். வேறு கருத்து ஏதும் உண்டா என்று கேட்டது.

"அடி பிள்ளை. பதினாறு வருசமா ஒருத்தரும் ஒரு பதிலும் சொல்லேல்லை எண்டு அடி."

பிரேமினி அடித்தாள். உறவுப் பாலம் நன்றி சொன்னது.

அன்றிரவு தரவு ஒத்திசைந்து, விடிந்தபோது ஒழுங்கை திரும்ப ஒழுங்கையாகியிருந்தது. பேதுரு பேதுருவாகவும் வீரையா வீரையாவாகவும் ஆளுக்கு இரண்டு கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்ரெல்லா என்றும் ஒருத்தி இருந்தாள், பேரும் நம்பருமாக. வீரையா மோட்டார் சைக்கிளில் ஐஸை ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் அவளுடைய வாசலில் ஹோனை ஒருமுறை அடித்துவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிறுவனங்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. ஸ்ரெல்லாவின் தொலைபேசிக்குச் செய்திகள் வரத் தொடங்கின. 'ஸ்ரனிஸ்லஸ் அவர்களே, உங்களைக் காணவில்லையே.' இரண்டு நாளில் இன்னொன்று. 'ஸ்ரனிஸ்லஸ் அவர்களே, நாங்கள் உங்களைத் தேடுகிறோம். திரும்பி வாருங்கள்.' ஸ்ரெல்லா அவற்றை அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

கொழும்பில் பணம் கொடுக்கிறவர்கள் பார்க்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புக்கோடு கீழே விழுந்திருந்தது. வடக்கு முழுவதற்கும் இருந்த ஒரேயொரு வைர வாடிக்கையாளர் திருப்தியில்லாமல் போய்விட்டார். எங்கே அவர், ஆளைக் கண்டுபிடியுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. மயில்வாகனத்துக்கு நித்திரை போய்விட்டது. 'இழந்த வாடிக்கையாளரைத் தேடும் செயலணி' என்று ஒன்றை அமைத்து, தானே தலைவரானார். ஒரு பின்னேரம், நிறுவனத்தின் பெயர் அடித்த குடையொன்றை அன்பளிப்பாக எடுத்துக்கொண்டு, கிருபனையும் கூட்டிக்கொண்டு, டபுள் கப் வாகனத்தில் ஸ்ரெல்லாவின் வாசலில் வந்து இறங்கினார்.

ஸ்ரெல்லா இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

"அம்மா, நாங்கள் ஸ்ரனிஸ்லஸ் அவர்களைத் தேடி வந்திருக்கிறம்," என்றார் மயில்வாகனம். "எப்பிடியும் அவரைக் கண்டுபிடிக்க வேணும். எங்களுக்கு அவர் அவ்வளவு முக்கியம். அவர் இல்லாமல் என்ர கதிரையே ஆடுது."

இத்தனை வருசத்தில் ஸ்ரனிஸ்லஸைத் தேடி ஒரு நிறுவனம் அவளுடைய வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஸ்ரெல்லா அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பேனையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள்.

"கடைசியா அவரை எங்க கண்டனீங்கள் சேர்?"

"நானோ? நான் ஆளைக் காணேல்லை அம்மா. தொகுதியிலதான்..."

"ஆரோட நிண்டவர்?"

மயில்வாகனம் கிருபனைப் பார்த்தார்.

"என்ன நிறச் சேட் போட்டிருந்தவர்?"

"நீலக் கோடு போட்டது," என்றான் கிருபன். வாய் தவறி வந்துவிட்டது. எத்தனை வகுப்பில் அந்தப் பதிவைத் திரையில் போட்டுக் காட்டியிருப்பான். சொன்னபிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்ரெல்லா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம்," என்றாள். எழுதினாள். "அது சரி. சாட்சி ஆரும் இருக்கினமோ?"

மயில்வாகனம் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இல்லையெண்டா கஷ்டம்தான் சேர். பரவாயில்லை. நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் ஒருக்கா வாங்கோ. இதே கேள்வியளைத் திரும்பக் கேப்பன், குறை நினைக்காதேங்கோ." அவள் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள். "ஏதும் தெரிஞ்சா அறிவிப்பம்."